மெட்டாடார்சல்னா என்ன? பாத எலும்புப் பெயர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் பிசியோதெரபி பார்க்கிறேன். அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் பக்கமிருந்து வருகிற நம்ம ஆட்கள் எக்ஸ்ரே கவரோடு வந்து உட்கார்ந்ததும் முதலில் ரிப்போர்ட்டில் இருக்கும் பெயரைத்தான் கேட்பார்கள். டாக்டர் இங்கிலீஷில் சொல்லியிருப்பார், நர்ஸ் கன்னடத்தில் விளக்கியிருப்பார், வீட்டுக்குப் போகிற வழியில் அந்தப் பெயர் மட்டும் மண்டைக்குள் பயமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். இந்தப் பெயர்களில் பயப்பட ஒன்றுமே கிடையாது, பழைய காலத்து ஆட்கள் கையில் புழங்கிய சாமான்களின் பெயர்கள்தான் பெரும்பாலும். அதைச் சொன்ன பிறகு பலருக்கு முகம் தெளிகிறது. அதனால் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்களை, அவர்கள் கேட்ட மாதிரியே, இங்கே எழுதி வைக்கிறேன்.

"அக்கா, மெட்டாடார்சல்னு போட்டிருக்கு. அது கால்ல எந்த எலும்பு?"

பாதத்தின் நடுவில், கணுக்கால் பக்கத்து எலும்புகளுக்கும் விரல்களுக்கும் இடையில் நீளவாக்கில் ஓடுகிற 5 எலும்புகள். பெருவிரல் பக்கம் இருப்பது 1, சுண்டுவிரல் பக்கம் இருப்பது 5. ரிப்போர்ட்டில் 'ஃபிஃப்த் மெட்டாடார்சல்' என்றால் சுண்டுவிரலுக்குப் பின்னால் இருக்கிறது என்று அர்த்தம்.

தொட்டே பார்க்கலாம். சுண்டுவிரலில் ஆரம்பித்து பாதத்தின் வெளி விளிம்பு வழியாக குதிகாலை நோக்கி விரலை அழுத்தி இழுத்துக்கொண்டே வாருங்கள். கிட்டத்தட்ட பாதி தூரத்தில் ஒரு மேடு தட்டுப்படும், செருப்பு இறுக்கமாக இருந்தால் உரசுகிற இடம். அதுதான் ஐந்தாவது மெட்டாடார்சலின் அடிப்பகுதி. இந்த ஐந்தின் முன்முனைகள்தான் விரல்களுக்குப் பின்னால் உள்ளங்காலில் தடித்திருக்கும் பகுதிக்குள் இருக்கின்றன. குதிகாலைத் தூக்கி எம்பி நின்றால் எடை முழுக்க அங்கேதான் இறங்கும்.

"ஒரு பாதத்துல மொத்தம் எத்தனை எலும்பு இருக்கு?"

26. பின்பக்கம் டார்சல் எனப்படும் கணுக்கால் எலும்புகள் 7, நடுவில் மெட்டாடார்சல் 5, விரல்களில் 14. பெருவிரலுக்கு 2, மற்ற விரல்களுக்கு 3 வீதம் என்பதால் 14. இரண்டு பாதமும் சேர்த்து 52, உடம்பு முழுக்க 206 என்று வைத்தால் கால்வாசி எலும்பு பாதத்திலேயே இருக்கிறது. பலருக்குச் சுண்டுவிரலின் கடைசி இரண்டு எலும்புகள் ஒன்றாகவே இருக்கும், எக்ஸ்ரேயில் ஒன்று குறைவாகத் தெரிந்தால் பதற வேண்டாம்.

"கணுக்கால்ல ரெண்டு பக்கமும் உருண்டையா துருத்திட்டு இருக்கே, அது டார்சல் எலும்புதானே?"

இல்லை. அது பாதத்தின் எலும்பே இல்லை. மேலிருந்து இறங்கி வருகிற இரண்டு கால் எலும்புகளின் கீழ்முனைகள் அவை. உள்பக்கம் துருத்துவது டிபியா, வெளிப்பக்கம் ஃபிபுலா. அந்த உருண்டைக்கு மாலியோலஸ் என்று பெயர், லத்தீனில் 'சின்னச் சுத்தியல்'. டார்சல் எலும்புகள் ஏழும் அதற்குக் கீழே, குதிகாலிலிருந்து பாதத்தின் நடுவரைக்கும் இருக்கின்றன.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். தெற்கத்திக்காரர்கள் கணுக்காலைக் கரண்டைக்கால் என்பார்கள். ஆடுசதை இருக்கும் இடம் கெண்டைக்கால். தமிழ் அரைகுறையாகத் தெரிந்த ஊழியர் காதில் இரண்டும் ஒரே மாதிரி விழும். கரண்டை வலி என்று பாட்டி சொன்னது கெண்டை வலி என்று சீட்டில் ஏறிவிடும். வலிக்கிற இடத்தை வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் விரலை வைத்துக் காட்டுங்கள், தயவுசெய்து.

"டார்சல்ங்கிற வார்த்தை எங்கிருந்து வந்தது?"

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. கிரேக்கத்தில் 'டார்சோஸ்' என்றால் குச்சி, பிரம்பு வைத்துப் பின்னிய தட்டையான தட்டி. அதன் மேல் பாலாடைக்கட்டியைப் பரப்பிக் காய வைப்பார்கள். கிரேக்கக் கவிஞர் ஹோமரின் ஒடிசி காவியத்தில் ஒற்றைக்கண் அரக்கனின் குகைக்குள் நுழைகிறவர்கள் முதலில் பார்ப்பதே பாலாடைக்கட்டி நிறைந்த டார்சோஸ்களைத்தான். நம் ஊரில் மூங்கில் தட்டியில் வடகம் காயப்போடுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டையாக இருக்கிற பிற பொருள்களுக்கும் அந்தப் பெயர் பரவியது, பாதத்தின் தட்டையான பகுதியும் அதில் சேர்ந்தது. ஹோமரின் இன்னொரு காவியமான இலியத்தில் பாரிஸ் விட்ட அம்பு டயோமீடிஸ் என்ற வீரனின் வலது பாதத்தில் பாய்ந்த இடத்தைச் சொல்லும்போது இதே டார்சோஸ் என்ற சொல்தான் வருகிறது. அப்போது அது எலும்பைக் குறிக்கவில்லை, பாதத்தட்டையைத்தான் குறித்தது. உடற்கூறு எழுதியவர்கள் பிற்காலத்தில் அதை லத்தீனுக்குக் கொண்டுபோய் 'டார்சஸ்' ஆக்கி, பின்பாதத்தின் ஏழு எலும்புகளுக்கு மட்டும் என்று எல்லை கட்டினார்கள்.

இன்னும் ஒரு படி பின்னால் போனால் 'காய்தல், உலர்தல்' என்ற வேர் கிடைக்கும். அதே வேரிலிருந்து பிரிந்ததுதான் சமஸ்கிருதத்தில் தாகத்தைக் குறிக்கும் திருஷ்ணா, இங்கிலீஷில் தர்ஸ்ட், லத்தீனில் காய்ந்த நிலம் என்ற பொருளில் தெரா. வீட்டு வாசலில் வைக்கிற டெரகோட்டா தொட்டியில் இருக்கும் 'டெரா' அதுதான்.

"சரி, டார்சல் புரிஞ்சுது. 'மெட்டா' எதுக்கு? ஃபேஸ்புக் கம்பெனி பேரா?"

இரண்டும் ஒரே கிரேக்க முன்னொட்டுதான். அந்தக் கம்பெனி 2021-இல்தான் பெயரை மாற்றியது, எலும்பு ரொம்ப சீனியர். மெட்டா என்றால் 'அடுத்து, அப்பால், பிறகு' என்று இடத்துக்கு ஏற்றபடி பொருள் வரும். டார்சஸுக்கு அடுத்து வருவது மெட்டாடார்சஸ், அவ்வளவுதான். கையிலும் இதே கணக்கு. மணிக்கட்டு எலும்புகள் கார்பஸ், அதற்கடுத்து உள்ளங்கையில் இருப்பவை மெட்டாகார்பஸ். ஒன்றை நினைவில் வைத்தால் மற்றது தானாக வரும்.

"டார்சஸ், டார்சல், மெட்டாடார்சஸ், மெட்டாடார்சல்... எது சரி?"

எல்லாம் சரி. 'அஸ்' என்று முடிந்தால் அந்தத் தொகுதி, 'அல்' என்று முடிந்தால் அதில் உள்ள ஒரு எலும்பு, அல்லது 'அதைச் சேர்ந்த' என்ற பொருள். ரிப்போர்ட் எழுதுகிறவர் எதைப் போட்டாலும் இடம் மாறாது.

"தமிழ்ல இதுக்கெல்லாம் பேரே கிடையாதா?"

இருக்கு. டார்சல்களைக் கணுக்கால் எலும்புகள் என்கிறோம். மெட்டாடார்சலுக்கு அனுகணுக்கால் எலும்பு என்று ஒரு ஆக்கம் உண்டு. 'அனு' என்றால் பின்தொடர்வது, ஆக மேலே சொன்ன 'மெட்டா'வின் வேலையை அது அப்படியே செய்கிறது. பேச்சில் இதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை, அதனால் நோயாளிகளிடம் நான் 'பாதத்து நீள எலும்பு' என்றுதான் சொல்வேன். உடனே புரியும்.

ஆனால் பாதத்தின் வெளித்தோற்றத்துக்கு நம்மிடம் இருக்கும் சொற்கள் எவ்வளவு துல்லியம் என்று பாருங்கள்: புறங்கால், உள்ளங்கால், குதிகால், கணுக்கால். மூங்கிலிலும் கரும்பிலும் முடிச்சு முடிச்சாக இருப்பதும் கணுதான். எலும்பைப் பார்க்காமலேயே அங்கே ஒரு மூட்டு இருக்கிறது என்று பெயரிலேயே சொல்லிவிட்டார்கள்.

"எனக்கு 'மெட்டாடார்சால்ஜியா'ன்னு சொன்னாங்க. இது பெரிய வியாதியா?"

இது ஒரு வியாதியின் பெயர் என்பதைவிட ஒரு விவரிப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள். 'அல்கோஸ்' என்றால் கிரேக்கத்தில் வலி. ஆக, மெட்டாடார்சல் பக்கம் வலிக்கிறது. நீங்கள் போய்ச் சொன்னதையே கிரேக்கத்தில் திருப்பி எழுதியிருக்கிறார்கள். ஏன் வலிக்கிறது என்பது அந்தப் பெயருக்குள் இல்லை. குதிகால் உயர்ந்த செருப்பா, நாள் முழுக்க நின்று செய்யும் வேலையா, எடையா, நரம்பா, அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். எனவே அடுத்த முறை டாக்டரிடம் "என்ன காரணத்தால் சார்?" என்று கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. நியூரால்ஜியா (நரம்பு வலி), மயால்ஜியா (தசை வலி) எல்லாவற்றிலும் இருப்பது இதே அல்கோஸ்தான்.

"கால்கேனியஸ்னா குதிகால் எலும்பாமே. நம்ம 'கால்'தானே அது? தமிழ்லேர்ந்து போனதுதானே?"

ஆசையாகக் கேட்பார்கள். தமிழ்ப் பற்று எனக்கும் உண்டு, ஆனாலும் இது தற்செயல். கால்கேனியஸ் லத்தீனில் 'கால்க்ஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது, அதன் பொருள் குதிகால் மட்டும்தான், முழுக்கால் அல்ல. அதிலிருந்து 'மிதித்தல்' என்ற வினை, குதிரைக்காரன் குதிகாலில் கட்டும் முள்ளுக்கு 'கால்கார்' என்ற பெயர் எல்லாம் கிளைத்தன. நம் கால் திராவிடச் சொத்து. இங்கே பெங்களூரில் பஸ்ஸில் யாராவது மிதித்துவிட்டால் காதில் விழும் 'காலு'ம் மலையாளத்துக் காலும் தெலுங்குக் காலும் அதன் கூடப்பிறந்தவை. இரண்டு மொழிகளில் ஒரு சொல் மட்டும் ஒத்துப்போனால் உறவு ஆகிவிடாது. சொல் சொல்லாக, ஒலி மாற்றம் ஒரே ஒழுங்கில் வந்தால்தான் உறவு என்று சொல்ல முடியும்.

"அப்போ கால்கேனியஸ்ல வர்ற 'கால்க்', கால்சியம்தானே? கால்சியம் ஜாஸ்தியாகித்தான் குதிகால் முள் வளருதா?"

இந்தக் கேள்வியால் உண்மையிலேயே சிலர் பால், தயிரை நிறுத்திவிடுகிறார்கள், அதனால் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். லத்தீனில் கால்க்ஸ் இரண்டு உண்டு. ஒன்று மேலே சொன்ன குதிகால். இன்னொன்று சுண்ணாம்பு, அது கூழாங்கல்லைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 1808-இல் ஹம்ஃப்ரி டேவி என்ற விஞ்ஞானி சுண்ணாம்பிலிருந்து அந்த உலோகத்தைப் பிரித்தபோது கால்சியம் என்று பெயர் வைத்தது இரண்டாவது கால்க்ஸை வைத்து.

எல்லா எலும்பிலும் கால்சியம் இருக்கிறது, குதிகாலிலும் இருக்கிறது. ஆனால் பெயர் அதனால் வரவில்லை. குதிகால் முள் என்பது சவ்வும் தசையும் வருடக்கணக்காக இழுத்த இடத்தில் எலும்பு நீண்டிருப்பது. சாப்பாட்டில் கால்சியம் கூடியதால் வருவதல்ல. முள் இருந்தும் வலியே இல்லாமல் நடப்பவர்களும் ஏராளம். பாலை நிறுத்தாதீர்கள்.

"ஒரு ரிப்போர்ட்ல டேலஸ், இன்னொண்ணுல அஸ்ட்ராகலஸ். ரெண்டு எலும்பும் உடைஞ்சிருக்கா?"

ஒரே எலும்புதான். டேலஸ் லத்தீன், அஸ்ட்ராகலஸ் கிரேக்கம். குதிகால் எலும்பின் மேல் உட்கார்ந்து மேலிருந்து வரும் எடையை வாங்குகிற எலும்பு இது. இதில் ஒரு தசைகூட ஒட்டியிருக்காது, பெரும்பகுதி குருத்தெலும்பால் மூடியிருக்கும், இரத்தக்குழாய் நுழைய இடம் குறைவு. அதனால்தான் இது உடைந்தால் சேர நாளாகும், டாக்டர் காலை ஊன்றாதே என்று கண்டிப்பாகச் சொல்வதும் அதனால்தான்.

பெயர்க்கதைக்கு வருவோம். இரண்டு சொல்லுக்கும் பழங்காலத்தில் இன்னொரு பொருள் சூதாட்டக் காய். ஆடு செம்மறிகளின் இந்த எலும்பை எடுத்து உருட்டி விளையாடினார்கள். கறிக்கடையில் ஆட்டின் பின்னங்கால் கணுவைப் பிரித்துத் தரச் சொல்லி, கழுவி, உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். ரசல் மார்க்கெட் பக்கத்துக் கடைகளில் கேட்டால் கொடுப்பார்கள். இரண்டு முனையும் கப்பிச் சக்கரம் மாதிரி வழவழவென்று வரம்பு கட்டியிருக்கும். அகலமான பக்கம் ஒன்று குழிந்தும் எதிர்ப்பக்கம் புடைத்தும் இருக்கும், ஒடுங்கிய பக்கங்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று வேறு. உருட்டினால் இந்த நாலு பக்கத்தில் ஒன்றில்தான் நிற்கும், முனையில் நிற்காது. நம் தாயக்கட்டைக்கும் நாலு பக்கம்தானே. அவர்கள் அந்த நாலு பக்கத்துக்கும் 1, 3, 4, 6 என்று மதிப்பு வைத்திருந்தார்கள். ரோமர்கள் நாலு காய் உருட்டுவார்கள், நாலும் நாலு வேறு பக்கமாக விழுந்தால் அதற்கு வீனஸ் என்று பெயர், அதைவிட நல்ல ஆட்டம் கிடையாது.

மனிதனின் டேலஸ் அப்படி அழகாக நிற்காது. காய்க்கு ஆடுதான் சரி.

"மீதி டார்சல் எலும்புகளோட பேருக்கும் இப்படி ஏதாவது அர்த்தம் இருக்கா?"

நாவிகுலர் என்றால் லத்தீனில் குட்டிப் படகு. ஒரு பக்கம் குழிந்திருக்கும், அதனால். கையில் மணிக்கட்டிலும் ஒரு படகு எலும்பு உண்டு, அதை இப்போது கிரேக்கத்தில் ஸ்காஃபாய்டு என்கிறார்கள். பொருள் அதேதான், ஆனால் இடம் வேறு. பழைய புத்தகங்களில் மாறி மாறி வருவதால் குழப்பம்.

கியூனிஃபார்ம் மூன்று, 'ஆப்பு வடிவம்' என்று பொருள். களிமண் பலகையில் ஆப்பு ஆப்பாகக் குத்திய சுமேரிய எழுத்துக்கும் இதே பெயர். பாதத்தில் இந்த ஆப்புகள் நெருக்கமாக இறுகி நிற்பதால்தான் குறுக்குவாட்டில் பாதத்தின் வளைவு நிற்கிறது. கியூபாய்டு என்றால் கனசதுரம், கிரேக்கத்தில் 'கியூபோஸ்' என்றால் ஆறு பக்கப் பகடை. ஆக ஒரே பாதத்தில் இரண்டு சூதாட்டக் காய்கள் இருக்கின்றன!

"விரல் எலும்புக்கு ஃபேலங்ஸ்னு ஏன் பேரு?"

ஒன்றுக்கு ஃபேலங்ஸ், பலவுக்கு ஃபேலஞ்சஸ். கிரேக்கப் படைவீரர்கள் தோளோடு தோள் நெருங்கி வரிசை வரிசையாக நிற்கும் அணிக்கு இதே பெயர், அலெக்சாந்தரின் படையும் அப்படித்தான் நின்றது. மரக்கட்டை, உருளை என்ற பொருளும் அந்தச் சொல்லுக்கு உண்டு. விரல் எலும்புகளை எக்ஸ்ரேயில் பார்த்தால் வரிசை வரிசையாக நிற்பது தெரியும். அரிஸ்டாட்டில் காலத்திலேயே விரல் எலும்புக்கு இந்தச் சொல் வந்துவிட்டது.

"பெருவிரலுக்குக் கீழ ரெண்டு சின்ன எலும்பு துண்டா கிடக்கு, உடைஞ்சு விழுந்ததா?"

அநேகமாக அவை செசமாய்டுகள், எல்லோருக்கும் இருப்பவை. மேலே சொன்ன 26-இல் இவற்றைச் சேர்ப்பதில்லை. செசமாய்டு என்றால் 'எள்ளைப் போன்றது', அதே செசமி எண்ணெயில் இருக்கும் செசமிதான். தசைநாணுக்குள் புதைந்து வளரும், பெருவிரலை அழுத்தி நடக்கும்போது அந்த நாண் நசுங்காமல் காக்கும். சிலருக்கு ஒரு செசமாய்டே பிறவியிலிருந்து இரண்டு துண்டாக இருக்கும், அதுவும் முறிவு அல்ல. முழங்கால் சில்லும் இந்த இனம்தான், உடம்பிலேயே பெரிய செசமாய்டு அது. அவ்வளவு பெரியதை எள் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

"கண் டாக்டர் 'டார்சல் பிளேட்'னு சொன்னார். கால் எலும்பு கண்ணுக்கு எப்படிப் போச்சு?"

எலும்பு போகவில்லை, சொல்தான் போனது. தட்டையாக இருந்தால் டார்சோஸ் என்று மேலே பார்த்தோம் இல்லையா? இமைக்கு விறைப்புக் கொடுக்கிற தட்டையான இழைத்தகடு ஒன்று இருக்கிறது, அதற்கும் அதே பெயரை வைத்தார்கள். பூச்சிகளின் கால் நுனிக் கணுக்களையும் டார்சஸ் என்பார்கள். பிலிப்பைன்ஸ், போர்னியோ பக்கம் உருண்டைக் கண்ணோடு கிளைக்குக் கிளை தாவும் டார்சியர் என்ற குட்டி விலங்குக்குப் பெயர் வந்ததும் அதன் கணுக்கால் எலும்புகள் நீண்டிருப்பதால்தான்.

"பைபிள்ல பவுலோட ஊர் தர்சு பட்டணம். அதுவும் இந்த டார்சஸ்தானா?"

எழுத்தில் ஒன்று, வேரில் வேறு. துருக்கியில் இருக்கும் அந்த ஊரின் பெயர் கிரேக்கர்களுக்கு முந்தைய ஹிட்டைட் ஆவணங்களிலேயே 'தர்சா' என்று இருக்கிறது. எலும்புக்கும் ஊருக்கும் சம்பந்தம் கிடையாது.

"ஆட்டுக்கால் பாயால வர்ற நீள எலும்பு எது? முட்டியா?"

முட்டி இல்லை. பின்னங்கால் என்றால் அது மெட்டாடார்சல், முன்னங்கால் என்றால் மெட்டாகார்பல். ஆட்டுக்கு மூன்றாவதும் நாலாவதும் ஒன்றாக ஒட்டி ஒரே குழாய் எலும்பாகிவிட்டது. அடுத்த முறை பாயா சாப்பிடும்போது அந்த எலும்பின் கீழ்முனையைப் பாருங்கள், நடுவில் ஒரு பிளவோடு இரண்டு தலை இருக்கும், இரண்டு எலும்பு சேர்ந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

பின்னங்கால் பின்பக்கமாக மடங்குவதைப் பார்த்து 'ஆட்டுக்கு முட்டி திரும்பி இருக்கு' என்பார்கள். அது கணுக்கால், முட்டி மேலே வயிற்றோரம் இருக்கிறது. ஆடு விரல் நுனியில்தான் நடக்கிறது. கோழியின் செதில் பிடித்த காலும் அப்படித்தான், டார்சலில் கொஞ்சமும் மெட்டாடார்சலும் சேர்ந்து ஒரே எலும்பாக ஆனது.

"மார்ச் ஃபிராக்சர்னு எழுதியிருக்காங்க. எனக்கு ஜூலையிலதானே வலி வந்துச்சு?"

மாதம் இல்லை, படை நடை. ராணுவத்தில் அணிவகுத்து நீண்ட தூரம் நடக்கிறவர்களுக்கு வருவதால் அந்தப் பெயர். 1855-இல் பிரைட்ஹாப்ட் என்ற பிரஷ்ய ராணுவ மருத்துவர் சிப்பாய்களின் பாதம் காரணமில்லாமல் வீங்கி வலிப்பதைப் பதிவு செய்தார். அப்போது எலும்பு முறிவு என்று யாருக்கும் தெரியாது. 1895-இல் ரான்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த பிறகுதான் மெட்டாடார்சலில் மயிரிழை விரிசல் இருப்பது தெரிந்தது. பெரும்பாலும் இரண்டாவது அல்லது மூன்றாவது மெட்டாடார்சலில். அடிபடவே வேண்டாம், பழக்கமில்லாமல் திடீரென்று நடையையோ ஓட்டத்தையோ கூட்டினால் போதும். கப்பன் பார்க்கில் புதுசாக ஓட ஆரம்பித்தவர்கள் இதைக் கவனத்தில் வையுங்கள். முதல் வாரத்து எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமலும் போகலாம், வலி நீடித்தால் திரும்பப் போய்க் காட்டுங்கள்.

"ஜோன்ஸ் ஃபிராக்சர்ல வர்ற ஜோன்ஸ் யாரு? என் பையனுக்கு கிரிக்கெட்ல கால் மடங்கி இதுதான்னு சொல்றாங்க."

சர் ராபர்ட் ஜோன்ஸ், லிவர்பூலில் இருந்த எலும்பு மருத்துவர். நடனமாடும்போது பாதம் வெளிப்பக்கமாக மடங்கி அவருடைய ஐந்தாவது மெட்டாடார்சலே உடைந்தது. நேராக அடிபடாமலே எலும்பு முறியும் என்று தன் பாதத்தையும் சேர்த்துச் சில நோயாளிகளை வைத்து 1902-இல் எழுதினார்.

பையன் விஷயத்தில் ஒன்றைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். முதல் கேள்வியில் சொன்னேனே ஒரு மேடு, அந்த மேட்டின் நுனி மட்டும் தசைநாணோடு பிய்ந்து வருவது ஒன்று, அதற்குக் கொஞ்சம் முன்னால் தண்டு ஆரம்பிக்கும் இடத்தில் முறிவது இன்னொன்று. இரண்டாவதுதான் ஜோன்ஸ். அங்கே இரத்த ஓட்டம் குறைவு, சேர நாளாகும், சில சமயம் ஸ்க்ரூ போட வேண்டிவரும். பேச்சுவாக்கில் இரண்டையும் ஜோன்ஸ் என்று சொல்லிவிடுகிறார்கள். வளரும் வயதில் அந்த மேட்டில் வளர்ச்சிக் கோடு வேறு இருக்கும், அதையும் முறிவு என்று நினைப்பவர்கள் உண்டு. வளர்ச்சிக் கோடு எலும்பின் நீளவாக்கில் ஓடும், முறிவு பெரும்பாலும் குறுக்கே ஓடும்.

"எம்டிபி ஜாயிண்ட்னு சுருக்கமா இருக்கு. இதையும் இப்போ நானே பிரிச்சுப் படிச்சிடலாமா?"

தாராளமாக. மெட்டாடார்சோ ஃபேலஞ்சியல், அதாவது மெட்டாடார்சலும் விரல் எலும்பும் சேரும் மூட்டு. முன்னால் எண் 1 போட்டிருந்தால் பெருவிரலின் அடிமூட்டு. ராத்திரியில் திடீரென்று சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிற மாதிரி வலித்தால் பெரும்பாலும் அந்த மூட்டில் யூரிக் அமிலம் படிந்த கவுட். அதற்கும் கிரேக்கர்கள் பொடாக்ரா என்று பெயர் வைத்தார்கள், 'பாதத்தைப் பிடித்த பொறி'. இதற்கு மட்டும் பெயரைப் பிரித்துப் படித்துக்கொண்டு வீட்டில் உட்கார வேண்டாம், இரத்தப் பரிசோதனையோடு டாக்டரைப் பாருங்கள். வீக்கம் வடிகிறவரைக்கும் என்னிடம் வந்து பயிற்சி கேட்கவும் வேண்டாம்.